குடிவழி கூறும் நோய்

மனித உடலின் வளர்ச்சியையும் சமநிலையையும் ஆள்வன அகஞ்சுரக்குஞ் சுரப்பிகளாம். ஒரே உடலில் இச்சுரப்பிகள் பலவற்றிற் கட்டிகள் தோன்றுவதும், அது தலைமுறைதோறும் தொடர்வதும் அரிதினும் அரிது. இந்நோயின் வரலாறு, வைத்தியத்துறை குடிவழியை வினவக் கற்றுக்கொண்ட வரலாறு எனலாம்.

1903இல் வியன்னாவில் யாக்கோப் ஏர்ட்கைம் என்னும் நோயியலறிஞர், கபச்சுரப்பியிற் கட்டியுடையவராய் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, கழுத்திலுள்ள பராதைரொயிட்டுச் சுரப்பிகளும் பருத்திருக்கக் கண்டார். இவ்விரண்டும் பரம்பரையாற் பிணைக்கப்படலாம் என்பதை 1954இல் போல் வேர்மர் காட்டினார். ஒரே குடும்பத்தில் தந்தையிடமும் பிள்ளைகள் பலரிடமும் அவர் இந்நோயைக் கண்டிருந்தார். 1961இல் யோன் சிப்பிள், அதிரினற் சுரப்பிக் கட்டியும் தைரொயிட்டுப் புற்றுநோயும் ஒருங்கே தோன்றுவதை எடுத்துரைத்தார். இஃது இரண்டாம் வகையாயிற்று. இவ்வகைக்குக் காரணமான பரம்பரையலகு 1993இலும், முதல் வகைக்குரியது 1997இலும் இனங்காணப்பட்டன. பின்னதை அறிவித்த ஆய்வுக்கட்டுரையின் முதலாசிரியர் சந்திரசேகரப்பா என்னும் இந்திய வழியினராவார்.

நோயுற்ற பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இக்குறை கடத்தப்படும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டாம் வகையைக் குழந்தைப் பருவத்திலேயே சோதனையால் அறிந்தால், புற்றுநோய் தோன்றுமுன் தைரொயிட்டை அகற்றி உயிர் காக்கலாம். ஆகவே ஒருவரது நோயை அறிதல் அவர்தம் உடன்பிறந்தாரையும் காத்தலாகும். பாட்டனார் சிறுநீரகக் கல்லால் வருந்தியதும், அத்தையின் கழுத்திற் கட்டி இருந்ததும் வைத்தியருக்குத் தடயங்களாம்.

குடும்ப நினைவே முதற்கருவியாகும் இந்நிலையில், அந்நினைவு துண்டிக்கப்பட்ட சமூகமொன்றை எண்ணாதிருத்தல் இயலாது. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் உழைத்த மக்களிடமும் குடிவழி வினவப்பட்டது. வினவியது வைத்தியமன்று, சட்டம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடத்தும் தந்தையின் பிறப்புக்கோ, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்புக்கோ சான்று கோரியது. பிறப்புப் பத்திரமற்றோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் நீலகிரியிலும் தம்பி ஹற்றனிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிற்று. ஆயினும் பிரிந்த கிளைகளைச் சட்டம் மீளப் பொருத்துவதில்லை. கடல் கடந்த பெரியப்பன் எந்நோயால் இறந்தார் என்பதை இங்குள்ள பிள்ளை அறியாதிருப்பின், வைத்தியர் வினவும் முதல் வினாவே விடையற்றதாகும். மூதாதையர் பெயரையும் அவர்தம் நோயையும் எழுதிவைத்தல் குலப்பெருமைக்கன்று. அடுத்த தலைமுறையின் உயிர்காப்புக்கேயாம்.