ஏரி வாரியமும் கல்கத்தா மாநகரமும்

ஒவ்வொரு நகருக்கும் ஒரு வடிவம் உண்டு. எத்தெருவை அகலப்படுத்துவது, எக்குளத்தைத் தூர்க்காது காப்பது, கழிவுநீரை எத்திசையில் போக்குவது என்று என்றோ ஒரு நாள் எவரோ செய்த முடிவுகளே அவ்வடிவத்தை ஆக்குகின்றன. அம்முடிவுகளைச் செய்யும் உரிமை ஆள்வோர்க்கு மட்டும் உரியதா? வரி கொடுத்து, அத்தெருவில் நடந்து, அந்நீரைப் பருகி வாழும் குடிமக்களுக்கும் அதிற் பங்கு உண்டா? இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளை நாம் அறிவோம். அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தனர். ஏரியைப் பேண ஏரி வாரியம், தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியம் எனப் பணிகளைப் பகுத்துக்கொண்டனர். நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பது மெய். இக்காலத்து மக்களாட்சியோடு அதனை ஒன்றாக எண்ணிவிடலாகாது. ஆயினும், ஊரின் ஏரியைக் காப்பது ஊராரின் கடன் என்னும் நெறி அக்கல்லில் இன்றும் நின்று பேசுகிறது.

இனி, நாம் குடியேறி வாழும் கல்கத்தாவின் வரலாற்றைக் காண்போம்.

1817-ஆம் ஆண்டில் இந்நகரைத் திருத்தி அமைக்க லாட்டரிக் குழு ஒன்று ஏற்பட்டது. பரிசுச் சீட்டு விற்ற பணத்தைக் கொண்டு சாலைகளும் குளங்களும் அமைந்தன. ஸ்டிராண்டு சாலையும் காலேஜ் தெருவும் அம்முயற்சியின் பயன்களே. சீட்டு வாங்கியவன் பணம் தந்தான். அவனது கருத்தை எவரும் கேட்டிலர். 1836-இல் லாட்டரி நிறுத்தப்பெற்றது. அவ்வாண்டிலேயே காய்ச்சல் மருத்துவமனைக் குழு என்பது தோன்றியது. துவாரகநாத் தாகூர் போன்ற இந்தியப் பெருமக்களும் அதில் அமர்ந்தனர். மருத்துவமனை வேண்டும் என்று தொடங்கிய அவ்வாராய்ச்சி, நோய்க்கு மூலமான சாக்கடை, குடிநீர், நெருக்கடியான தெரு என நகர் முழுவதையும் தழுவி விரிந்தது.

கருத்துச் சொல்லும் உரிமை எளிதில் நிலைத்துவிடவில்லை. 1876-இல் வரி செலுத்துவோர் நகராண்மை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆனால் மக்கள் தேர்ந்த உறுப்பினர் தொகையைப் பாதியாகக் குறைக்கும் மெக்கன்சி மசோதா பின்னர் எழுந்தது. அதனை எதிர்த்து 1899-இல் சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 உறுப்பினர்கள் பதவி துறந்தனர். அச்செயல் வீண்போகவில்லை. அதே சுரேந்திரநாதர் அமைச்சராகி, 1923-இல் புதிய நகராண்மைச் சட்டத்தை நிறைவேற்றினார். அதன்படி 1924-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார்.

இடையே, 1912-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு தன் பணியைத் தொடங்கியிருந்தது. நம் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழும் ராஷ்பிஹாரி அவென்யூவும், 1958-இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் பெற்ற டாகுரியா ஏரியும் அதன் ஆக்கங்களே. ஆயினும் பழம்பகுதிகளை இடித்து நேர்ச்சாலை போடுவதே திருத்தம் என்னும் கொள்கையை மறுத்த அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் ஸ்காத்லாந்து நாட்டுப் பாட்ரிக் கெடிஸ். தமிழகத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து, 1916-இல் சி. பி. வேங்கடராம ஐயர் தென்னாட்டுப் பண்டை நகர அமைப்பைப் பற்றி எழுதிய நூலுக்கு முன்னுரை வரைந்தவர் அவரே. 1919-இல் படாபஜாரைப் பற்றி அவர் ஓர் அறிக்கை அளித்தார். நல்ல அறுவை மருத்துவன் வேண்டிய அளவே கத்தி வைப்பதுபோல, வாழும் மக்களைப் பெயர்க்காமல் இடர் செய்வதை மட்டும் நீக்குக என்பது அவர் கொள்கை. தெருவில் நடந்து, அங்கு வாழ்வோரை அறிந்த பின்னரே வரைகோலை எடுக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

இக்கொள்கையின் அருமையை நம் காலத்தில் விளக்கிய நிகழ்ச்சி கிழக்குக் கல்கத்தாவில் நடந்தது. இந்நகரின் நிலம் ஹூக்ளி ஆற்றங்கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகின்றது. ஆதலின் கழிவுநீரின் பெரும்பகுதி கிழக்கேயுள்ள சதுப்பு நிலங்களுக்கே செல்கின்றது. அங்குள்ள ஆழமற்ற குளங்களில் கதிரவன் ஒளியும் பாசியும் அந்நீரைத் தூய்மை செய்கின்றன. பாசியை உண்டு மீன் வளர்கின்றது. தாபா என்னும் பகுதியில் நகரின் குப்பையே எருவாகிக் காய்கறி விளைகின்றது. நாம் கழிவென்று தள்ளியதை உழைப்பாளர் உணவாக்கி நமக்கே திருப்பித் தருகின்றனர்! 1980-களில் அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ், கழிவுநீர் எங்கே போகின்றது என்று தேடிச் சென்று, மீனவரிடமும் உழவரிடமும் பாடம் கேட்டு, இவ்வமைப்பை ஆராய்ந்து எல்லை வகுத்துப் படம் வரைந்தார்.

1962 முதல் உப்பேரிப் பகுதியைத் தூர்த்து உப்பேரி நகர் எழுந்தது. மேலும் நிலத்தை நிரப்பி, உலக வணிக மையம் முதலியன அமைக்கும் எண்ணமும் பின்னர்ப் பிறந்தது. அப்போது ‘பப்ளிக்’ என்னும் தன்னார்வக் குடிமக்கள் சங்கத்தினர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுகினர். பதவியோ படையோ அவர்க்கு இல்லை. படமும் சான்றும் பொறுமையுமே இருந்தன. 1992-இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி அச்சதுப்பு நிலத்தைக் காக்குமாறு தீர்ப்பளித்தார். 2002-இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலம் உலகச் சிறப்புடைய ராம்சார் நிலமாக ஏற்கப்பெற்றது. 2006-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. எனினும் சட்டம் மட்டுமே காவலாகிவிடாது. ஆங்காங்கே நிலத்தை நிரப்பும் செயல்கள் தொடர்கின்றன. விழித்திருப்போர் இன்றும் வேண்டும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? “நாம் பிழைக்க வந்தவர், ஊர் அவர்களுடையது” என்று நம்மவருட் சிலர் ஒதுங்கி நிற்பதுண்டு. மழைநீர் தேங்கும்போது அது வங்காளி வீடு, தமிழர் வீடு என்று பார்த்துப் புகுவதில்லை. நம் தட்டில் விழும் கீரையும் அக்கிழக்கு நிலத்தினதாக இருக்கலாம். உரிமையில் வேறுபாடு இல்லாத இடத்தில் கடமையில் மட்டும் வேறுபாடு எங்ஙனம் அமையும்?

வழியும் திறந்தே உள்ளது. நகரமைப்பு வரைவுத் திட்டத்தை வெளியிட்டு மக்களின் கருத்தையும் மறுப்பையும் கேட்டல் வேண்டும் என்பது 1979-ஆம் ஆண்டு மேற்கு வங்கச் சட்டத்தின் விதி. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகர்களில் வட்டக் குழுக்கள் அமைய வழி செய்தது. திட்டத்தைப் படிக்கப் பொறியியல் கற்ற இளைஞரும், சட்டம் அறிந்த பெரியோரும், தெருவின் குறையை நாள்தோறும் காணும் தாய்மாரும் நம்மிடையே உளர். வரைவு வெளியாகும்போது நம் சங்கத்தில் ஒரு மாலை கூடி அதனைப் படித்து, வங்காளி அண்டை வீட்டாரோடு கலந்து, நம் கருத்தை எழுத்தில் அளித்தால் அதுவே பெருந்தொண்டு.

உத்திரமேரூரில் ஏரி காக்க ஓலையிட்டுப் பேர் எடுத்தனர் நம் முன்னோர். கல்கத்தாவின் கிழக்கே ஓர் ஏரி நிலம் காவலரை எதிர்நோக்கி நிற்கின்றது. இங்கே குடவோலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்வருவோர் அனைவரும் வாரியப் பெருமக்களே.