இலை கொட்டும் காலத்துக் கெண்டை

மலாக்காவில் குளிர்காலம் கிடையாது. ஆனால் ரப்பர் தோட்டத் துரைமார்களின் ஆங்கிலத்தில் ஒன்று இருந்தது. ஜனவரியில் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் ரப்பர் மரங்களின் இலை சிவந்து, மொத்தமாகக் கொட்டிவிடும். மறுபடி துளிர்விட்டு இலை முற்ற மார்ச், ஏப்ரல் ஆகும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வின்டரிங்'. லயத்துச் சனங்களுக்கு அது 'எல கொட்டுற காலம்'. அந்த நாட்களில் மரத்தில் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளமும் குறையும்.

அதற்கு முந்தைய நவம்பர், டிசம்பரோ மழை. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரம் முழுக்க வழிந்துவிடும். மங்கில் சேர்ந்ததையும் மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் மரத்துக்கு நோயும் வரும். அதனால் விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள் "வெட்டு இல்ல" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். நாள்கூலிக்காரருக்கு வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை.

இப்படி வருடத்தில் நாலைந்து மாதம் கை வறண்டே கிடக்கும். மலாக்காத் தோட்டத் தமிழர்கள் மீன் பிடித்த கதையை இந்த மாதங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் தாய்மாமா ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். "மழ பேஞ்சா தாத்தா கத்திய வெச்சிட்டு தூண்டில எடுப்பாரு. அத வெளையாட்டுன்னு நெனச்சியா? அன்னிக்குக் கொழம்பே அதுதான்" என்பார்.

ஐரோப்பாவில் குளிர்காலக் கெண்டை பிடிப்பு ஒரு தனி வித்தை. தண்ணீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கெண்டை இரை எடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு ஆழத்தில் அசையாமல் கிடக்கும். அங்கே பனியில் கூடாரம் போட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்து ஒன்றைப் பிடிப்பார்கள். பிடித்ததை எடை பார்த்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். இதை மாமாவிடம் சொன்னேன். "விட்டுடுவானா? அப்புறம் எதுக்குப் புடிக்கிறான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நம்முடைய குளிர் விடியற்காலை 22, 23 டிகிரியோடு சரி. ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே வாழும் மீனுக்கு அதுவும் உறைக்கும். விடாமல் பெய்யும் மழையில் குட்டையின் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். அடியில் கிடந்த, ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மேலே வரும். மீனெல்லாம் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்போது எந்த இரையைப் போட்டாலும் தொடாது. தூண்டிலை மூலையில் சாத்திவிட்டுக் கூடையை எடுக்க வேண்டியதுதான். மழை விட்டு ஒருநாள், இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு, கரையோரம் ஆழமில்லாத இடத்தில் மறுபடி கடிக்கத் தொடங்கும். கெண்டைக்கு அவித்துப் பிசைந்த மரவள்ளிக்கிழங்கு, லம்பாமுக்கு மரவள்ளி இலையே போதும். செம்பனை வந்த பிறகு அதன் பழம். இலை கொட்டும் காலத்தில் இந்த நுணுக்கம் எதுவும் தேவையில்லை. அல்லூர் வற்றி அங்கங்கே பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். இரண்டு பக்கமும் மண்ணால் அணைகட்டி, பால்வாளியால் இறைத்துவிட்டு, கையாலேயே பிடிப்பார்கள். முள் நிறைந்த லம்பாம்தான் அதிகம் கிடைக்கும். புளி தூக்கலாகப் போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டால் முள் கொஞ்சம் மிருதுவாகும். பிள்ளைகளுக்கு முள் பார்த்துக் கொடுத்தே அம்மாக்களின் சோறு ஆறிப்போகும்.

தைப்பூசமும் சன்னாசிமலை மாசி மகமும் இதே பருவத்தில்தான் வரும். விரதம் இருக்கும் வீடுகளில் மீன் கிடையாது. மீன் எளிதாகக் கிடைக்கும் நேரத்தில் பார்த்து விரதம் வருகிறதே என்று மாமாவுக்குச் சிறுவயதில் முருகன் மேல் கோபமாம்.

இந்தக் கெண்டைகள் எங்கிருந்து வந்தன? மலாக்கா ஆறுகளில் கெண்டை இனத்து மீன்கள் முன்பே உண்டு. ஆனால் குட்டைகளில் வளர்ந்த பெரிய உடம்புக்காரர்களான புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, பெருந்தலைக்கெண்டை எல்லாம் சீனர்களோடு வந்தவை. பெருந்தலைக்கெண்டைக்கு இங்கே 'தொங்சான்' என்று பெயர். சீனாவைக் குறிக்கும் சொல் அது. ஊர்ப் பெயரையே மீனுக்கு வைத்திருக்கிறார்கள். இவை ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், குட்டையில் இடாது. எனவே தென்சீன ஆறுகளில் பிடித்த குஞ்சுகளைக் கப்பலில் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நம் ஆட்கள் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தது போல, இந்த மீன்களும் தவணை தவணையாக வந்து இறங்கியவைதான்.

சீனப் பெருநாள் விருந்துக்கு மீன் கட்டாயம் வேண்டும். அது வருவதும் இலை கொட்டும் காலத்தில்தான். பெருநாளுக்கு முன் தோட்டத்தின் எல்லையில் இருந்த சீனர் குட்டையை வற்றவைப்பார்கள். பெரிய மீனெல்லாம் லோரியில் ஏறிய பிறகு, சேற்றில் மிஞ்சியதைப் பொறுக்கிக்கொள்ள லயத்துப் பிள்ளைகளைத் தவுக்கே விட்டுவிடுவாராம். மாமா முதன்முதலில் புல்கெண்டையைத் தொட்டது அப்படித்தான்.

அலுவலகக் கோப்புகளைப் பொறுத்தவரை தோட்டத்துத் தண்ணீர் என்றால் மலேரியா. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் அசாகானிலும் ரப்பர் நட்டதைத் தொடர்ந்து, மலாக்காவில் ரப்பர் பரவியது. காடு அழிந்து மலையோடைகளில் வெயில் பட்டது. வெயில் பட்ட தெளிந்த ஓடையில்தான் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் கொசு பெருகும். தோட்டமே வளர்த்த கொசு அது. 1901இல் கிள்ளானில் தொடங்கி மால்கம் வாட்சன் செய்த வேலைகளின் தொடர்ச்சியாக, தோட்டங்களில் அல்லூர் வெட்டுவதும் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமாயின. அது ஏராளமான தமிழர்களின் உயிரைக் காத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எண்ணெய்ப் படலம் மிதக்கும் அல்லூரில் குழம்புக்கு மீன் கிடைக்காது. தொழிலாளி மீன் தேடி எண்ணெய் எட்டாத தூரத்துக்கு நடக்க வேண்டியிருந்தது.

1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியரிடம் விழுந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், மிஞ்சியவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. அந்த ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து வந்து பரவியது திலாப்பியா. ஆப்பிரிக்க மீன், கெண்டையே அல்ல. ஆனாலும் மலாய்க்காரர்கள் அதை 'இக்கான் ஜெப்பூன்' என்றார்கள். எந்தச் சாக்கடையிலும் பெருகும் என்பதால் பஞ்சத்தில் கைகொடுத்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் திலாப்பியாவைக் கடைசிவரை தொடவில்லை. காரணம் கேட்டால் "அந்தக் காலத்துலயே தின்னு தீத்தாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

1957இல், சுதந்திரம் வந்த அதே ஆண்டில், மலாக்கா பத்து பெரண்டாமில் வெப்பமண்டல மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் காலனிகளின் மீன்வள ஆலோசகராக இருந்த சி. எஃப். ஹிக்லிங் இங்கே இரண்டு வகைத் திலாப்பியாக்களை இணைத்து ஆண்குஞ்சுகளை மட்டும் உண்டாக்கிக் காட்டினார். 1960இல் அதை உலகுக்குச் சொன்ன கட்டுரையின் தலைப்பிலேயே மலாக்காவின் பெயர் இருக்கிறது. புல்கெண்டையையும் ஆராய்ந்தார். குட்டையில் புல்லை வெட்டிப் போட்டால் இந்த மீன் தின்னும். அதன் கழிவில் மற்ற மீன்களுக்கு இரை உண்டாகும். களைக்கொல்லி இல்லாமலே நீர்க்களையை அழிக்க இது வழி என்று உலகம் ஆர்வம் காட்டியது. 1963இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவுக்குப் போய் இறங்கிய முதல் புல்கெண்டைகள் மலேசியாவிலிருந்து சென்றவை.

இதையெல்லாம் படிக்கையில் பெருமையாகத்தான் இருக்கிறது. ஒரு ஏக்கர் குட்டைக்கு எத்தனை பவுண்டு மீன் என்ற கணக்கு அந்தக் கட்டுரைகளில் துல்லியமாக இருக்கும். சில மைல் தள்ளி லயங்களில் இருந்தவர்கள் வாரத்துக்கு எத்தனை நாள் மீன் சாப்பிட்டார்கள் என்பதை நான் பார்த்த வரை யாரும் குறித்து வைக்கவில்லை. தோட்டத்துக் கடைப்பற்றில் கருவாடு ஏறும். அல்லூரில் பிடித்த கெண்டை எந்தக் கணக்கிலும் ஏறாது.

புல் தின்னும் மீனை மலாக்காவில் ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1960களின் தொடக்கத்தில், பாராகுவாட் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தது. அதற்கு முன் புல்லுக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட், பச்சை விஷம். பாராகுவாட்டை நவீனமானது என்றார்கள். அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். என் பாட்டியும் அவர்களில் ஒருவர். அவருக்கு நகம் கறுத்துப் பெயர்ந்து விழும், மூக்கில் ரத்தம் வரும். "மருந்து சூடு" என்று சொல்லி மோர் குடிப்பார்.

மருந்தடிக்கும் வாரத்தில் அவர் வீட்டில் மீன் ஏறாது. மழைநாளில் தாத்தா ஆசையாகக் கொண்டுவந்த கோர்வையை வாங்கி, எந்தப் பக்கம் பிடித்தது என்று கேட்பார். தான் அடித்த நிரைக்குக் கீழ்ப்பக்க அல்லூர் என்றால் அப்படியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார். வீட்டில் வேறு ஒன்றும் இருக்காது. "கூலியும் இல்ல, மீனும் இல்ல, எதத் திங்கிறது?" என்று தாத்தா கத்துவாராம். பாட்டி பதிலுக்குக் கத்தமாட்டார். கையை நீட்டி நகத்தைக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் தன் கை நகத்திலிருந்தே அறிந்ததை, தெனாகானித்தா போன்ற அமைப்புகள் பின்னாளில் தொழிலாளிகளிடம் கேட்டுப் பதிவு செய்தன. 2002இல் அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத்தடை நடப்புக்கு வந்தது 2020இல். பாட்டி அதற்கு வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரப்பர் ஆலைக் கழிவும் செம்பனை ஆலைக் கழிவும் சேர்ந்து ஆறுகள் நாறத் தொடங்கிய பிறகு 1977இல் செம்பனைக்கும் 1978இல் ரப்பருக்கும் கழிவுநீர் விதிகள் வந்தன. அதன்பின் சில ஓடைகளில் மீன் திரும்பியது என்று மாமா சொல்கிறார். மீன் திரும்பிய நேரத்தில் லயம் காலியாகிக்கொண்டிருந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறியது. பிறகு வீடமைப்புத் திட்டமானது.

போன ஜனவரியில் மாமாவை ஒரு கட்டணக் குட்டைக்கு அழைத்துப் போனேன். மணிக்கணக்கில் காசு கட்டித் தூண்டில் போடும் இடம். அங்கே அதிகம் கிடைத்தது ரோகு, நம் இந்தியக் கெண்டை. 1957இல்தான் ஒரிசாவின் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் இந்தியப் பெருங்கெண்டைகளை ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ரோகு குஞ்சு கேட்ட இடத்துக்கெல்லாம் போக முடிந்தது.

முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சுற்றியிருந்த இளைஞர்கள் விலையுயர்ந்த தூண்டில்களோடு இரையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மாமா தூண்டிலை விரிக்கவே இல்லை. "இன்னிக்குக் கடிக்காது. காசக் கேட்டு வாங்கு, போலாம்" என்றார். காசைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று சொன்னேன். அப்படியென்றால் உட்காருவோம் என்று, முடியும் நேரம் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.