கொழும்பில் முன் போர்க்கின் கதை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க், ஆதியில் இரும்புச் சட்டமும் அதன் நடுவே ஒரு ஸ்பிரிங்குமாகவே பெரும்பாலும் இருந்துவந்தது. 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், குழாய்க்குள் குழாய் இறங்க, எண்ணெய் அதிர்வை அடக்கும் அமைப்பைத் தன் ஆர் 12 வண்டியில் பொருத்தியதும், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிரித்தானியாவின் மாச்லெஸ் நிறுவனம் அவ்வழியைப் பின்பற்றியதும், பழைய முறை கிரமமாக மறையக் காரணமாயின.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக நிலவியமையால், உள்ளதைச் செப்பனிட்டு ஓட்டும் சாமர்த்தியமே பிரதானமாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் ஜப்பானிய வண்டிகள் பெருகவே, கொழும்பில், கொட்டாஞ்சேனைக்காரருக்கு எட்டிய தூரத்திலுள்ள பஞ்சிகாவத்தை, பழைய உதிரிப்பாகங்களுக்குப் பிரசித்தி பெற்ற கடைத்தெருவாக விளங்கியது.

வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில், வீட்டு முற்றத்திலேயே போர்க்கை மேம்படுத்த விரும்புபவர் செய்யத்தக்கவை சில உண்டு: முன்சக்கரத்தை உயர்த்தி நிறுத்தி, மேல்மூடியைத் திருகும்போது ஸ்பிரிங் எகிறாதவண்ணம் அழுத்திப் பிடித்து, கறுத்த எண்ணெயை வடித்து, கசியும் சீல் வளையத்தை மாற்றி, சற்றுக் கெட்டியான புதிய எண்ணெயைப் போர்க்கின் இரு கால்களிலும் சமமாக ஊற்றுவது ஒன்று, ஸ்பிரிங்கின் மேல் சிறு குழாய்த்துண்டை வைத்து, முன்புறம் தாழ்ந்து நிற்பதைக் குறைப்பது மற்றொன்று. எண்ணெய் மிதமிஞ்சிக் கெட்டியானால், பள்ளந்தோறும் அதிர்ச்சி கையையே தாக்கும்.

2020இல் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டபோது, பழைய வண்டியைப் பேணும் இவ்வித்தை வெறும் பொழுதுபோக்கன்று, அவசியமே என்பது நிரூபணமாயிற்று.