கியேரோவும் க்ரேயோவும்: நம்ம ஆத்து முகத்துவாரத்துல ஒரு மொழி வகுப்பு

இந்த எபிசோடு ஒரு மானக்கேட்டுல இருந்து ஆரம்பிக்குது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மெக்ஸிகோ க்ளையன்ட் ஒருத்தரோட கால். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்னு நம்புறேன்" அப்படின்னு ஸ்பானிஷ்ல சொல்லி அசத்தலாம்னு நினைச்சேன். அதுக்கு "க்ரேயோ"ன்னு சொல்லணும். நான் "கியேரோ"ன்னு சொல்லிட்டேன். முதல் வார்த்தைக்கு நம்புறேன்னு அர்த்தம், ரெண்டாவதுக்கு எனக்கு வேணும்னு அர்த்தம். அதாவது, வேலைய முடிச்சுக் குடுக்க வேண்டிய ஆளே "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும், எனக்கு வேணும்"னு கேக்குறான். அந்தப் பக்கம் இருந்த அம்மா சிரிச்சுட்டு, "எங்களுக்கும் அதேதான் வேணும்"னாங்க. ஆப்ல இருநூறு நாளுக்கு மேல ஒரு நாள்கூட விடாம படிச்சவன் நான்.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் ஸ்பெயின்ல சலமான்கால மூணு மாச மொழிப் படிப்புக்குப் போயிருக்கான். "நீயும் வாடா, அந்த ஊர்லயே இருந்தா மொழி தானா வந்துரும்"னு கூப்பிடுறான். ஃபீஸ், தங்குற செலவு, டிக்கெட் எல்லாம் கூட்டிப் பார்த்தா என் சேமிப்பு மொத்தமும் காலி. ஆனா அவனோட வாய்ஸ் நோட்டக் கேட்டா பின்னாடி எப்பவும் தமிழும் இந்தியும்தான் ஓடுது. ஒரே வீட்டுல நாலு இந்தியப் பசங்க.

இந்தக் குழப்பத்தோட பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தேன். விஷயத்தச் சொன்னதும் எங்க ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "சரிலே, அங்க போய் யார்கூடப் பேசுவ?"

அன்னைக்குச் சாயங்காலம் சேவியர் காலேஜ் வழியா நடந்தப்பதான் உறைச்சது. 1923-ல ஆரம்பிச்ச அந்தக் காலேஜ் ஒரு ஸ்பெயின்காரர் பேர்லதான் இருக்கு. அவரும் ஒரு காலத்துல இதே சிக்கல்ல மாட்டினவர். என்ன, அவர் படிக்க வந்த மொழி தமிழ்.

பிரான்சிஸ் சேவியர், 1506-ல இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்தவர். 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடுன்னு போற நம்ம கடற்கரைதான் அது. அங்கிருந்த பரதவ மக்கள் அவர் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடியே கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தாங்க. ஆனா ஜெபம் சொல்லிக் குடுக்க அவங்க மொழியில் ஆள் இல்லை. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சேவியர் நிலைமைய நேராவே சொல்றார்: அவங்களுக்கு நான் பேசுறது புரியல, எனக்கும் அவங்க பேசுறது புரியல, அவங்க தாய்மொழி மலபார், என்னுது பாஸ்க். மலபார்னு போர்ச்சுகீசியர்கள் அன்னைக்குச் சொன்னது தமிழைத்தான்.

சேவியர் கண்டுபிடிச்ச வழி மனப்பாடம். ரெண்டு மொழியும் கொஞ்சம் தெரிஞ்ச ஆட்களக் கூட்டி உக்கார வெச்சு, பல நாள் பாடுபட்டு ஜெபங்களத் தமிழாக்கினார். அதை அப்படியே உருப்போட்டுக்கிட்டு, கையில் மணியோட தெருத்தெருவா நடந்து, பிள்ளைகளச் சேர்த்துச் சொல்லிக் குடுத்தார்.

இப்ப வருது எனக்குப் பிடிச்ச இடம். அதே 1544-ல, கூட வேலை பார்த்த பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதுறார். விசுவாசப் பிரமாணத்துல "எனக்கு வேணும்"னு ஒரு இடத்துல வருதே, அதை மாத்திருங்க, அந்த வார்த்தைக்கு விரும்புறேன்னுதான் அர்த்தம், விசுவசிக்கிறேன்னு வர்ற மாதிரி சொல்லுங்கங்கிறார். கியேரோ, க்ரேயோ! அன்னைக்கு கால்ல நான் வாங்கின அதே அடி. அவ்வளவு நாளா ஒரு ஊரே "கடவுளை நம்புகிறேன்"க்குப் பதிலா "கடவுள் எனக்கு வேணும்"னு சொல்லிட்டு இருந்திருக்கு. (பக்தின்னு பார்த்தா அதுல பெரிய தப்பு இல்லன்னு எனக்குத் தோணுது, ஆனா அது வேற எபிசோடு.)

இந்தத் தப்ப அவருக்கு எடுத்துச் சொன்னது யாரு? பேர் இல்லை. கரையில் இருந்த யாரோ ஒருத்தர் "சாமி, அது அப்படி இல்ல"ன்னு சொல்லியிருக்கணும். அந்த ஆள்தான் இந்தக் கதையோட முதல் வாத்தியார்.

சேவியர் சீக்கிரமே மலாக்கா, ஜப்பான்னு கிளம்பிட்டார். அடுத்து வந்தவர்தான் நம்ம ஆளு: என்றிக்கே என்றீக்கஸ். போர்ச்சுகல்லின் விலா விசோசா ஊர்க்காரர், 1546-ல கோவாவுக்கு வந்து, அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர்கள் மேல அவருக்கு நம்பிக்கை வரல, தானே பேசியே ஆகணும்னு இறங்கிட்டார். 1548-ல இக்னேசியஸ் லொயோலாவுக்கு எழுதின கடிதத்துல, லத்தீன் படிக்கிற மாதிரியே தமிழ் வினைச்சொற்களக் காலம் காலமாப் பிரிச்சு எழுதி வெச்சுப் படிக்கிறதாச் சொல்றார். அந்தக் குறிப்புகள் வளர்ந்து ஒரு இலக்கண நூலாச்சு. போர்ச்சுகீசிய மொழியில் எழுதின அந்தக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கு. ஜீன் ஹைனும் நம்ம மொழியியலாளர் வி. எஸ். ராஜமும் சேர்ந்து பண்ணின ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல வந்துது. இதுல என்ன விசேஷம்னா, புலவர்கள் எழுதின தமிழ் இல்ல இது. பதினாறாம் நூற்றாண்டுல கடற்கரையில ஜனங்க பேசின தமிழ காதால கேட்டு எழுதினது. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ஓடிட்டு இருக்கற சிஸ்டத்தப் பார்த்து எழுதின டாக்குமென்டேஷன்.

ஆனா அவர் செஞ்சதுல என்னைத் தூக்கிப் போட்டது வேற ஒண்ணு. அங்க இருந்த பாதிரிமார்கள் தங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க: நமக்குள்ள பேசுறதும் தமிழ்லதான். வாய் தவறிப் போர்ச்சுகீசியம் பேசினா தண்டனை. யோசிச்சுப் பாருங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு உக்கார்ந்த ரெண்டு போர்ச்சுகீசியர்கள், உப்பு கேக்கணும்னாலும் தமிழ். அமெரிக்காவின் வெர்மான்ட்ல 1915-ல தொடங்கின மிடில்பரி மொழிப் பள்ளிகள்ல மாணவர்கள்கிட்ட உறுதிமொழி வாங்குறாங்க, படிக்க வந்த மொழியத் தவிர வேற பேசக் கூடாதுன்னு. உலகம் முழுக்கப் பேர் வாங்கின அந்த முறைய, தாமிரபரணி கடல்ல கலக்கிற பக்கம் முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்காங்க.

சேவியரும் இதே கரையிலதான் இருந்தார், என்றீக்கஸும் இதே கரையிலதான் இருந்தார். ஊர் ஒண்ணுதான். இங்கதான் ஆச்சியோட கேள்வி எனக்கு மறுபடி கேட்டுது.

என்றீக்கஸ் 1600-ல சாகுற வரைக்கும், அரை நூற்றாண்டுக்கு மேல, இந்தப் பக்கத்த விட்டுப் போகல. 1578 அக்டோபர் 20-ல கொல்லத்துல அச்சான அவரோட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான், ஆனா இந்திய மொழி எழுத்துல இந்தியாவுல அச்சாகி நமக்குக் கிடைச்சிருக்கற முதல் புத்தகம் அதுதான். தமிழ் அச்செழுத்து வார்த்தவங்கள்ல கொன்சால்வஸ்னு ஒரு ஸ்பெயின்காரரும் உண்டு.

ஒண்ணச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. இவங்க மொழி படிச்சது மதத்துக்காக, பின்னாடி போர்ச்சுகீசியக் கப்பல் நின்னுச்சு. தப்பாப் பேசினாலும் ஜனங்க பொறுமையாத் திருத்தியிருப்பாங்க. சலமான்கா கடையில வரிசையில நிக்கிற என் நண்பனுக்கு அந்தப் பொறுமை கிடைக்காது.

பாளையங்கோட்டைக்குள்ளயே இன்னொரு மாணவர் இருந்தார். 1820-ல வந்த ஜெர்மன்காரர் ரேனியஸ். ஊசிக் கோபுரம் இருக்கே, அந்த 1826 கோயில் அவர் காலத்துது. தமிழ் இலக்கணம் எழுதினார், 'பூமி சாஸ்திரம்'னு தமிழ்ல புவியியல் புத்தகம் எழுதினார். அவர் கதையில எனக்கு நிம்மதியான விஷயம், வாத்தியார் பேர் நிலைச்சிருக்கு: திருப்பாற்கடல்நாதன் கவிராயர். கால்டுவெல் 1841-ல சென்னையிலிருந்து இந்தப் பக்கம் நடந்தே வந்ததும் ஜனங்களயும் மொழியயும் பக்கத்துல பார்க்கத்தான். அவருக்குத் தனி எபிசோடு போடலாம்.

சலமான்காவுக்கு நான் இன்னும் பணம் கட்டல. நண்பனுக்கு ஃபோன் போட்டு என்றீக்கஸ் கதையச் சொன்னேன். அடுத்த வாரமே அவன் அந்த வீட்டக் காலி பண்ணிட்டு, தனியா இருக்கற ஒரு பாட்டி வீட்டு மாடி ரூமுக்குப் போயிட்டான். அந்தப் பாட்டிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதாம். இங்க நானும் ரூம்மேட்டும் ராத்திரி எட்டுலேருந்து ஒன்பது வரை ஸ்பானிஷ் மட்டும்னு முடிவு பண்ணியிருக்கோம். வாய் தவறித் தமிழ் வந்தா அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அரைக் கிலோ இருட்டுக்கடை அல்வா. இதுவரைக்கும் என் கணக்கு ரெண்டரைக் கிலோ.