துறைமுகப் பட்டினமும் பள்ளித் தோட்டமும்

திருகோணமலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தைப் பற்றியே எழுதுகின்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கண்வைத்த துறையல்லவா! அத்துறையைச் சூழ வாழ்ந்தோரின் அடுப்பில் என்ன வெந்தது என்பதை எழுதியவர் குறைவு. பள்ளித் தோட்டத்தின் வரலாற்றைத் தேடிச் சென்றபோதுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

இலங்கையில் இது பழைய திட்டம். 1901ஆம் ஆண்டளவில், பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் வில்லிஸ் அவர்களின் ஊக்கத்துடன் அரசினர் பாடசாலைகளில் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவற்றை மேற்பார்வை செய்தவர் டிரீபேர்க். 1904இல் தோன்றிய இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராகவும் பணியாற்றியவர் இவரே. புதிய பயிரையும் புதிய முறையையும் பிள்ளை வழியாக வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால், விளைந்ததை யார் உண்பது என்பதைவிட, யாருக்கு எதைக் கற்பிப்பது என்பதே அங்கு முதன்மை பெற்றது.

1932இல் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸையில் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தது 1937இல் என்பதை நோக்க, நாம் ஐந்தாண்டு முந்திக்கொண்டோம்! கல்வி அமைச்சர் கன்னங்கரா அதனை நாடெங்கும் பரப்ப முயன்றார். பெற்றோர் உள்ளம் ஒப்பவில்லை. பணக்காரர் பிள்ளைக்கு ஆங்கிலம், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாயிருந்த காலத்தில் அவர்கள் கணக்கு சரியான கணக்கே.

பிறகு போர் வந்தது. இலங்கை உண்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது; அதில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின; சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி தீப்பற்றியது; ஊர்மக்கள் பலர் வெளியேறினர். பேரரசின் கடற்படையே நின்ற துறைமுகத்தில் குடிமக்களின் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கோதுமை மாவும் மரவள்ளிக் கிழங்கும் நம் சமையலறைக்குள் உரிமையோடு நுழைந்தது அக்காலத்தில்தான். உணவு உற்பத்தி இயக்கம் பள்ளி வளவுகளையும் எட்டியது. பசி தீர்ந்தபின் இயக்கமும் தளர்ந்தது.

இதே கதை 1970களில் மீண்டும் நடந்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் சார்ந்த பாடங்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. விவசாயமும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டு உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தப் பாடத்திட்டம் கைவிடப்பட்டது. அமைச்சர்கள் மண்வெட்டி பிடித்த படங்களைப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் வெளியிட்டன. ஆறு மாதத்தின்பின் அந்தப் பாத்தியில் என்ன நின்றது என்று பார்த்துவர எந்த ஆசிரியரும் நிருபரை அனுப்பியதாக நானறியேன்.

திருகோணமலைக்கென்று தனிச் சிக்கலொன்றும் உண்டு. இங்கே மழை அக்டோபர் முதல் ஜனவரி வரை. வழமையான பள்ளியாண்டோ ஜனவரியில் தொடங்கும். பயிர் செழித்து நிற்கும் டிசம்பரில் பள்ளி பூட்டிக் கிடக்கும். வேலி தாண்டிவரும் மாட்டை விரட்ட ஆளிராது. பிள்ளைகள் திரும்பி வந்து சில மாதங்களில் மழை ஓய்ந்து கச்சான் காற்று தொடங்கிவிடும். நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணலில் அக்காற்றுக்கு ஈடுகொடுப்பவை முருங்கை, மரவள்ளி போன்ற சிலவே. கீரைப் பாத்திக்கு அன்றாடம் கிணற்று நீர் இறைக்க வேண்டும். கொழும்பில் எழுதப்படும் சுற்றறிக்கைக்கு இந்தக் காற்று தெரியாது.

மண்ணே இல்லாதுபோன பள்ளியும் இம்மாவட்டத்தில் உண்டு. 2006இல் சம்பூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மகா வித்தியாலயத்தின் வளவு கடற்படை முகாமுக்குள் அகப்பட்டது. 2016இல்தான் திரும்பக் கிடைத்தது. 2006இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை அப்போது பதினோராம் வகுப்பை எட்டியிருக்கும். துறைமுகத்தின் தெற்குக் கரையில், வயலும் குளமும் சூழ்ந்த ஊரில் பிறந்த பிள்ளை, தன் பள்ளி வளவில் ஒரு வெண்டி விதைகூட ஊன்றாமல் பள்ளிப் பருவத்தைக் கடந்தது.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது; மறு ஆண்டு பொருளாதாரமே சரிந்தது. 2022 ஜூனில் அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பள்ளித் தோட்டமும் மீண்டும் பேச்சில் அடிபட்டது. அதே வாரங்களில் எரிபொருள் இன்றிப் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளில் பலருக்கு அன்றைய முழுமையான உணவு பள்ளியில் கிடைக்கும் மதிய உணவாகவே இருந்தது. பள்ளி மூடியதோடு அதுவும் நின்றது. கிழக்குக் கரையில் அது கச்சான் வீசும் காலம்.