அகதிகளின் தால்முத்

சாமுவேல் ஸ்னீக், சாமுவேல் ரோஸ் என்ற இரண்டு ரபிகள் (யூத மதகுருக்கள்) 1946-ல் ஜெர்மனியிலிருந்த அமெரிக்க ராணுவத்திடம் போய், யூதர்களின் சமய நூலான தால்முத்தை அச்சடிக்கக் காகிதமும் அச்சகமும் வேண்டும் என்று கேட்டார்கள். இருவரும் டாக்காவ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர்கள்.

நாஜிகள் ஆட்களோடு புத்தகங்களையும் அழித்திருந்தார்கள். அகதி முகாம்களில் பாடம் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கேட்க ஆளும் இருந்தது, நடுவே பிரித்து வைக்கத்தான் புத்தகம் இல்லை. தால்முத்தை வாய்க்குள்ளேயே வாசித்துவிட்டு மூடிவைப்பது வழக்கமில்லை. இருவராக உட்கார்ந்து உரக்கப் படித்து, ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டேதான் படிப்பார்கள்.

ராணுவம் சம்மதித்தது. மூலப்பிரதி தேடினால் ஜெர்மனியில் முழுத்தொகுதி ஒன்றுகூட அகப்படவில்லை. நியூயார்க்கிலிருந்து இரண்டு தொகுதிகளை வரவழைத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்தார்கள். புதிதாக எழுத்துக் கோத்தால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பது ஒருபுறம். தால்முத்தில் பக்கத்தின் அமைப்பே படிப்பின் ஒரு பகுதி என்பது இன்னொருபுறம். நடுவில் மூலம், உள் ஓரத்தில் 11-ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, வெளி ஓரத்தில் அவருடைய பேரன்மாரும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுப்பிய கேள்விகள், மறுப்புகள். தாத்தாவை விட்டுவைக்காத பேரன்கள்! 16-ஆம் நூற்றாண்டில் டேனியல் பாம்பெர்க் வெனிஸில் அச்சிட்ட பதிப்பின் பக்கக் கணக்குதான் இன்றும் புழங்குகிறது. வில்னாவில் படித்தவர் பக்க எண்ணைச் சொன்னால் நியூயார்க்கில் இருப்பவரும் அதே வரிகளைத்தான் திறப்பார்.

அடித்த இடம் ஹைடெல்பெர்க்கில் கார்ல் விண்டர் அச்சகம். முன்பு நாஜிப் பிரசாரம் அச்சான அதே இடம். ரபிகள் கேட்டது 3,000 தொகுதிகள். காகிதப் பஞ்சத்தைக் காட்டி ராணுவம் அதை 50-ஆகச் சுருக்கியது. ஜாயின்ட் என்ற அமெரிக்க யூத நிவாரண அமைப்பு பணம் போட்டதால் இன்னும் சில நூறு சேர்ந்தன. ஒரு தொகுதிக்கு 19 பாகம். தலைப்புப் பக்கத்தில் மேலே பேரீச்ச மரங்களோடு புனித பூமி, கீழே முள்கம்பிக்குள் வதைமுகாம். சமர்ப்பணம் அமெரிக்க ராணுவத்துக்கு; சமய நூலுக்கு இப்படியொரு சமர்ப்பணம் அபூர்வம்தான்.

வேலை முடிய 1950 இறுதியாகிவிட்டது. அதற்குள் முகாம்கள் பெரும்பாலும் காலி. யாருக்காக அச்சடித்தார்களோ அவர்களில் பலர் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியிருந்தார்கள். புத்தகங்களும் பின்னாலேயே நாடு நாடாகப் போயின. இப்போது பல பாகங்கள் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. சண்டை போட்டுப் படிக்கவென்று அச்சடித்த புத்தகத்துக்கு இந்தப் பத்திரம் கொஞ்சம் அதிகம்தான்.