வேலியில்லாப் பெருவயல்கள்

இங்கிலாந்திலே நொட்டிங்காம்சயரில் லாக்ஸ்டன் என்னும் சிற்றூர் உண்டு. முன்னாளில் அந்நாட்டு உழவர் பலர் வேலியற்ற பெருவயல்களில் தத்தமக்குரிய நீள்துண்டுகளை உழுதனர். அறுவடையின் பின் அங்கே ஊர்க் கால்நடைகள் மேய்ந்தன. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிற் பாராளுமன்றம் இயற்றிய ஆயிரக்கணக்கான சட்டங்கள் அவ்வயல்களைப் பிரித்து வேலியிட வழிசெய்தன. மேய்ச்சலுரிமை இழந்த ஏழைகள் பலர் கூலியாட்களாயினர்.

லாக்ஸ்டனிலோ மூன்று பெருவயல்கள் எஞ்சின. 1635ஆம் ஆண்டு நிலப்படம் அவற்றின் துண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றது. இன்றும் ஆண்டுதோறும் உழவரே நடுவர்களாக வயல் சுற்றி, பொதுப்பாதையை உழுதவருக்குத் தண்டம் விதிப்பர். பின்னர் ஊர்மன்று கூடும். நிலவுடைமை 1952இல் மன்வர்ஸ் பிரபுவிடமிருந்து அரசுக்குச் சென்றது. 2020இல் அக்குடும்பத்தின் தோர்ஸ்பி ஆதனத்துடன் மீண்டும் இணைந்தது. உடையவர் மாறினர், மன்று நிலைத்தது.